மினாவில் ஒரு கணக்கு



ஹஜ்ஜுக்குப் புறப்படுவோருக்காக எங்கள் மஹல்லாவில் ஆண்டுதோறும் விளக்க வகுப்பு நடைபெறுவதுண்டு. அதில் பாடம் சொல்லும் பொறுப்பு பல்லாண்டுகளாக அடியேனிடம் இருந்து வருகிறது. இஹ்ராம், தவாஃப், ஸஃயு, அரஃபாவில் தங்குதல் என்று ஒவ்வொன்றாக விளக்கிக் கல்லெறிதலுக்கு வந்து சேர்ந்த ஒரு நாளில், முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் கையை உயர்த்தினார்.

"ஹஜ்ரத், கல்லெறியறதுக்குக்கூட முஅல்லிம் ஆபீஸ்ல நேரம் போட்டுச் சீட்டுக் குடுப்பாங்களாமே! வணக்கத்துக்கு நேரம் சொல்லவேண்டியது ஷரீஅத்தா, ஆபீஸா?"

வகுப்பில் சிரிப்பலை எழுந்தது. நானும் சிரித்துவிட்டு, "அவர்கள் சொல்வதையும் கேட்டு நடந்துகொள்ளுங்கள் ஹாஜியார்" என்று பொதுப்படையாகக் கூறிப் பாடத்தைத் தொடர்ந்தேன். உண்மையில் அந்த நேரச் சீட்டை யார் எழுதுகிறார்கள், எந்த அடிப்படையில் எழுதுகிறார்கள் என்பது எனக்கே தெரிந்திருக்கவில்லை. நான் கலைப் பட்டதாரி. கணிதத்தைப் பள்ளியிறுதி வகுப்போடு ஸலாம் சொல்லி அனுப்பிவைத்தவன். ஆயினும் அக்கேள்வி மனத்தில் தைத்துக்கொண்டேயிருந்தது. கல்லூரியொன்றில் கணிதம் கற்பிக்கும் நண்பரிடம் கேட்டேன். "இது எங்கள் பாடம்தான், ஆபரேஷன்ஸ் ரிசர்ச்" என்றார் அவர். அவர் வாயிலாக நான் அறிந்துகொண்டவற்றையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கடலில் பிறந்த கலை

ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்பதைத் தமிழில் 'செயல்முறை ஆராய்ச்சி' என்கிறார்கள். பெயரைக் கேட்டு அஞ்சவேண்டாம். கையில் இருக்கும் ஆட்கள், பொருள், இடம், நேரம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு காரியத்தை மிகச் சிறப்பாகச் செய்து முடிப்பது எவ்வாறு என்பதை, ஊகத்தாலோ பழக்கத்தாலோ அன்றி, எண்ணிக்கையாலும் கணக்காலும் கண்டறிவதே இக்கலை.

இது பிறந்தது போர்ச் சூழலில். 1930களின் இறுதியில் பிரிட்டனில் ரேடார் கருவியைப் புதிதாகக் கண்டுபிடித்திருந்தார்கள். கருவி நன்றாக இயங்கியது. ஆனால் அது தரும் செய்தியைப் படையினர் எவ்வாறு பயன்படுத்துவது என்பதில் குழப்பம் இருந்தது. கருவியை ஆராய்வதுபோல், அதைப் பயன்படுத்தும் முறையையும் ஆராய வேண்டும் என்ற எண்ணம் அங்குதான் உருவாயிற்று. பின்னர் இரண்டாம் உலகப் போரில் பேட்ரிக் பிளாக்கெட் என்னும் பௌதிக அறிஞர் இத்துறையை வளர்த்தெடுத்தார். 1948ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர் இவர்.

அட்லாண்டிக் கடலில் சரக்குக் கப்பல்கள் கூட்டம் கூட்டமாகச் செல்லும். அவற்றைச் சுற்றிப் போர்க்கப்பல்கள் காவல் வரும். ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மறைந்திருந்து தாக்கும். கூட்டம் பெரிதானால் எதிரிக்கு எளிதாகிவிடும், சிறு கூட்டங்களே பாதுகாப்பு என்பது கடற்படையினரின் நெடுநாள் நம்பிக்கை. பிளாக்கெட்டின் குழுவினர் பழைய பயணக் குறிப்புகளை எடுத்துவைத்து எண்ணினார்கள். சராசரியாக 32 கப்பல்கள் கொண்ட கூட்டங்கள் நூற்றுக்கு 2.5 வீதம் இழந்திருந்தன. 54 கப்பல்கள் கொண்ட கூட்டங்களோ நூற்றுக்கு 1.1 வீதமே இழந்திருந்தன. காரணமும் எளிதுதான். கப்பல்களின் எண்ணிக்கை இரட்டிப்பானால், அவை நிற்கும் பரப்பு இரட்டிப்பாகும்; ஆனால் காவல் சுற்றிவரவேண்டிய சுற்றளவு அவ்வளவு கூடுவதில்லை. அதே காவல் கப்பல்கள் அதிகக் கப்பல்களைக் காக்க முடிந்தது. புதிய ஆயுதம் ஒன்றும் செய்யாமல், கூட்டத்தின் அளவை மாற்றியதாலேயே எத்தனையோ மாலுமிகள் உயிர் பிழைத்தார்கள்.

போர் முடிந்ததும் இக்கலை தொழிற்சாலைகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் குடிபெயர்ந்தது. நம் நாட்டுக்கும் விரைவிலேயே வந்து சேர்ந்தது. 1949இல் ஹைதராபாத்தில் ஆராய்ச்சிக்கூடமொன்றில் இதற்கெனப் பிரிவு தொடங்கப்பட்டது. 1956இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுப்பதில் பேராசிரியர் மஹலனோபிஸ் இம்முறையைக் கையாண்டார். 1957இல் இந்தியச் செயல்முறை ஆராய்ச்சிக் கழகம் தோன்றிற்று. ரயில் அட்டவணை, கிடங்கில் எவ்வளவு சரக்கு இருப்பு வைப்பது, எந்த ஆலையிலிருந்து எந்த ஊருக்கு அனுப்பினால் செலவு குறையும் என்று இதன் பயன்பாடுகள் இன்று எண்ணிலடங்கா. அவற்றையெல்லாம் இங்கு விரிக்கப்போவதில்லை.

ஆனால் இல்லத்தரசிகளுக்காக ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அடுப்பங்கரைக்கு வந்த கணிதம்

ஒரு மனிதன் உடல்நலத்தோடு வாழத் தேவையான சத்துக்கள் அனைத்தும் கிடைக்கவேண்டும். செலவோ ஆகக் குறைவாக இருக்கவேண்டும். என்னென்ன உணவு, எவ்வளவு வாங்குவது? ஜார்ஜ் ஸ்டிக்ளர் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1945இல் இக்கேள்வியை எடுத்துக்கொண்டார். 77 உணவுப் பொருள்கள், 9 சத்துக்கள். தம் அறிவாலும் ஊகத்தாலும் கணக்கிட்டு, 1939ஆம் ஆண்டு விலைவாசிப்படி ஒருவருக்கு ஓராண்டுக்கு 39 டாலர் 93 சென்ட் போதும் என்றார். இரண்டாண்டு கழித்து ஜார்ஜ் டான்ட்ஸிக் என்பவர் இத்தகைய கணக்குகளுக்கென்றே ஒரு புதிய வழிமுறையைக் கண்டுபிடித்தார். அதைச் சோதித்துப் பார்க்க இதே உணவுக் கணக்கையே எடுத்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஒன்பது குமாஸ்தாக்கள் மேசைக் கணக்குப் பொறிகளை வைத்துக்கொண்டு உழைத்தார்கள். அவர்களின் உழைப்பை ஒரே ஆள் செய்திருந்தால் 120 நாள் பிடித்திருக்கும். விடை: 39 டாலர் 69 சென்ட். வித்தியாசம் வெறும் 24 சென்ட்!

பின்னாளில் டான்ட்ஸிக் தமக்கே உடல் இளைக்க வேண்டுமென்று கம்ப்யூட்டரிடம் உணவுப் பட்டியல் கேட்டார். அது, நாளொன்றுக்கு 500 காலன் வினிகர் அருந்தச் சொன்னது. தண்ணீர் நீங்கலாக எடைமிக்க உணவே வயிற்றை நிரப்பும் என்று கணக்கு எழுதப்பட்டிருந்ததால், கணக்குப்படி அது சரியான விடைதான்! வினிகரைப் பட்டியலிலிருந்து நீக்கியதும், நாளைக்கு 200 சூப்புக் கட்டிகள் என்றது. ஒரு மனிதன் இவ்வளவுதான் உண்ண முடியும் என்று யாரும் அதற்குச் சொல்லியிருக்கவில்லை.

இக்கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதனின் இயல்பைக் கணக்கில் எழுத மறந்தால் கணக்கு என்ன சொல்லும் என்பதற்கு இது சிரிப்பூட்டும் சான்று. சிரிக்க முடியாத சான்றுகளும் உள்ளன.

கல்லெறியும் களம்

துல்ஹஜ் 10ஆம் நாள் பெரிய ஜம்ராவில் 7 கற்கள். 11, 12ஆம் நாட்களில் மூன்று ஜம்ராக்களிலும் 21 கற்கள் வீதம். தங்குவோருக்கு 13ஆம் நாளும் உண்டு. அரஃபா பரந்த வெளி. மினா மலைகளுக்கிடையே அடங்கிய பள்ளத்தாக்கு. அதிலும் ஜம்ராக்கள் இருப்பது ஓரிடத்தில். வந்திருக்கும் மக்கள் அனைவரும் அந்த ஓரிடத்துக்கு வந்தே ஆகவேண்டும்.

நெரிசலைக் குறைக்கக் கட்டப்பட்ட பழைய ஜமராத் பாலத்தில் கீழும் மேலுமாக இரண்டு தளங்களில் நின்று எறியலாம். ஆனால் தூண்கள் மெலிந்தவை. அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் மக்கள். எறிந்து முடித்தவர் வெளியேற வழியின்றி, வருபவரை எதிர்த்தே திரும்பவேண்டும். 1994இல் அங்கு 270 பேர் மாண்டார்கள். 1998இல் 118 பேர். 2001இல் 35 பேர். 2004இல் சுமார் 250 பேர். 2006 ஜனவரி 12ஆம் நாள், அதாவது துல்ஹஜ் 12 அன்று, குறைந்தது 346 பேர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

2004இல் சென்று திரும்பிய எங்கள் தெரு ராத்தா ஒருவர், "தம்பி, என் கால் தரையில படவே இல்லை. யாரும் என்னைத் தள்ளலை, ஆனா எல்லாரும் சேர்ந்து என்னைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க" என்று கூறியதுண்டு. பயத்தில் அவ்வாறு தோன்றியிருக்கும் என்றே அப்போது நினைத்தேன். அது தவறு.

2006ஆம் ஆண்டு விபத்தின்போது பாலத்தில் காமிராக்கள் பொருத்தப்பட்டிருந்தன. அந்தப் படங்களை டிர்க் ஹெல்பிங் என்னும் ஜெர்மானிய அறிஞரும் அவருடைய சகாக்களும், சவூதி அரசின் சார்பில் ஹபீப் ஜைனுல் ஆபிதீன் என்னும் அறிஞரும் சேர்ந்து ஆராய்ந்து, 2007இல் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். கூட்டம் முதலில் சீராக ஓடும் நீரைப்போல் நகர்கிறது. நெருக்கம் ஓர் அளவைத் தாண்டியதும் நிற்பதும் நகர்வதுமாக அலை அலையாக மாறுகிறது. மேலும் நெருங்கினால், எத்திசையில் என்று சொல்ல முடியாதபடி மக்கள் திரள் இங்குமங்கும் தூக்கியெறியப்படுகிறது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் 9, 10 பேர்! அந்நிலையில் தனிமனிதருக்கு விருப்பம் என்று ஒன்று கிடையாது. உடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே பிண்டமாகிவிடுகின்றன. ராத்தா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. இத்தகைய இடங்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சு விரிய இடமின்றி, நின்ற நிலையிலேயே மூச்சடைத்து இறக்கிறார்கள்.

செய்தித்தாள்களில் 'கட்டுக்கடங்காத கூட்டம்', 'முண்டியடித்த ஹாஜிகள்' என்று எழுதப்பட்டதைப் படித்திருப்பீர்கள். மாண்டவர்கள் மீதே பழி போடும் சொற்கள் அவை. பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. முன்னால் இருப்பவரின் அலறல் பின்னால் கேட்காது. ஒவ்வொருவரும் ஓரடிதான் எடுத்துவைத்தார்கள். அந்த ஓரடிகளின் கூட்டுத்தொகையே கொன்றது. விபத்துக்கு ஏறக்குறைய அரைமணி நேரத்துக்கு முன்பே அலை அலையான அசைவு படத்தில் தெரிகிறது என்பதுதான் இந்த ஆராய்ச்சி தந்த பெரிய செய்தி. எச்சரிக்க நேரம் இருந்தது. எச்சரிக்கும் அடையாளம் எதுவென்றுதான் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பாலமா, நேரமா?

தூண்களுக்குப் பதிலாக 26 மீட்டர் நீளமுள்ள சுவர்கள் 2004ஆம் ஆண்டு விபத்துக்குப் பிறகே எழுப்பப்பட்டன. 2006க்குப் பின் பழைய பாலம் இடிக்கப்பட்டு, 950 மீட்டர் நீளமும் 80 மீட்டர் அகலமும் கொண்ட ஐந்து தளப் பாலம் கட்டப்பட்டது. மணிக்கு 3 லட்சம் பேர் எறிந்து வெளியேறலாம் என்பது அதன் அளவு. பிரச்சினை தீர்ந்தது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அவ்வாறே நினைத்திருந்தேன். பேராசிரிய நண்பர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஹாஜிகள் 25 லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். அனைவரும் சூரியன் உச்சி சாய்ந்தபின் புறப்பட்டு மஃரிபுக்குள் எறிந்துவிட விரும்புகிறார்கள். நேரம் சுமார் 6 மணி. 6 மணி நேரத்தில் 18 லட்சம் பேருக்குத்தான் இடமுண்டு. மீதி 7 லட்சம் பேர்? சரி, அந்த 18 லட்சமாவது சீராக வருவார்களா? லுஹர் பாங்கு சொன்னதும் 6 லட்சம் பேர் கிளம்பிவிட்டால், முதல் ஒரு மணி நேரத்திலேயே 3 லட்சம் பேர் பாலத்துக்கு வெளியே நிற்பார்கள். பாலம் எவ்வளவு பெரிதானாலும் அந்த 3 லட்சம் பேர் நிற்பது பாலத்தில் அன்று. அதற்கு வரும் தெருக்களில். தளத்தின் மேல் தளமாக எத்தனை கட்டினாலும் தெருக்களின் அகலம் அதனால் கூடுவதில்லை. ஆனால் அதே 25 லட்சம் பேரை நாள் முழுதும் பரப்பினால் எட்டரை மணி நேர வேலைதான்!

ஆகவே கட்டவேண்டியது பாலம் மட்டுமன்று, அட்டவணையும்கூட. முகாம் முகாமாக ஹாஜிகளைச் சிறு குழுக்களாகப் பிரிக்கவேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் எந்த நேரம், எந்தத் தெரு, எந்தத் தளம் என்று வகுக்கவேண்டும். எந்தத் தெருவிலும் எந்நேரத்திலும் அதன் அளவுக்கு மேல் ஆள் சேரக்கூடாது. போகும் கூட்டமும் திரும்பும் கூட்டமும் எதிரெதிரே சந்திக்கக்கூடாது. அதே வேளையில் ஒவ்வொரு குழுவும் விரும்பும் நேரத்தை இயன்றவரை கொடுக்கவேண்டும். ஆயிரக்கணக்கான குழுக்களுக்கு இதை ஒரே நேரத்தில் நிறைவேற்றுவது மனிதக் கையால் ஆகாத காரியம். டான்ட்ஸிக்கின் வழியில் வந்த கணிதமும் கம்ப்யூட்டரும் சேர்ந்து செய்கின்றன. 2006ஆம் ஆண்டின் இறுதியில் நடைபெற்ற ஹஜ்ஜிலிருந்து ஒருவழிப் பாதைகளும் நேர அட்டவணையும் நடைமுறைக்கு வந்தன. அந்தப் பெரியவர் கேட்ட 'சீட்டு' பிறந்த கதை இதுதான். 2010இல் ஓடத் தொடங்கிய மஷாஇர் ரயிலும் இந்தக் கணக்குக்குள் அடங்கியதே. மணிக்கு 72,000 பேர் செல்லலாம்.

வியப்பு என்னவெனில், கடலில் பெரிய கூட்டம் காத்தது. மினாவில் சிறிய கூட்டம் காக்கிறது. இரண்டையும் சொன்னது ஒரே கலை. எந்த விடையும் நிலையானதன்று. இடத்தைப் பார்த்துத்தான் எண்ணவேண்டும்.

அதன்பின் பல ஆண்டுகள் பெரிய விபத்து இல்லை. 2012இல் 31 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தபோதும் ஜமராத்தில் நெரிசல் மரணம் நிகழவில்லை. ஆனால் 2015 செப்டம்பர் 24 அன்று காலை, பாலத்தில் அல்ல, பாலத்துக்குச் செல்லும் 204ஆம் தெருவும் 223ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் இரண்டு கூட்டங்கள் மோதிக்கொண்டன. சவூதி அரசு அறிவித்த எண்ணிக்கை 769. பல நாடுகள் தம் மக்களின் இழப்பாக அறிவித்தவற்றைக் கூட்டினால் 2,400க்கும் மேல். நண்பர் தாளில் போட்டுக் காட்டிய கணக்கில், ஆபத்து எங்கிருக்கும் என்று விரலை வைத்தாரோ, அவ்விடம்தான்.

2024இல் வேறு விதம். கடும் வெயிலில் 1,301 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 83 பேர் அனுமதிச் சீட்டின்றி வந்தவர்கள் என்று சவூதி அரசு அறிவித்தது. அவர்களுக்குக் கூடாரம் இல்லை, பேருந்து இல்லை. வெயிலில் நெடுந்தூரம் நடந்தார்கள். கணக்கில் எழுதப்படாதவர்களைக் கணக்கு காப்பதில்லை. அவர்களைக் குறைகூறும் நோக்கம் எனக்கில்லை. வாழ்நாள் முழுதும் ஏங்கியும் முறைப்படி வரும் செலவுக்கு வழியற்ற ஏழைகள் அவர்களிலும் இருந்திருப்பார்கள். குறைந்த செலவில் அழைத்துச் செல்வதாக ஆசை காட்டுவோரிடம் உங்கள் வீட்டுப் பெரியவர்களை ஒப்படைக்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கிதாபு சொல்வது

இப்போது என் குறையையும் ஒப்புக்கொள்ளவேண்டும். வகுப்பில் நான் ஏற்றமான நேரத்தை மட்டுமே அழுத்திச் சொல்லிவந்தேன். அனுமதிக்கப்பட்ட நேரம் எதுவரை என்பதை ஒரு வரியில் கடந்துவிடுவேன். கேட்டவர்கள் ஏற்றமான நேரத்தையே கட்டாயமென்று எண்ணிக்கொண்டு போயிருப்பார்கள். மினாவில் அதுவே ஆபத்தாக முடியலாம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

முஸ்தலிஃபாவிலிருந்து பலவீனர்களையும் பெண்களையும் இரவிலேயே முன்கூட்டிப் புறப்பட அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஒட்டகம் மேய்ப்போருக்குக் கல்லெறிதலைச் சேர்த்துச் செய்யச் சலுகை தந்தார்கள். 11, 12ஆம் நாட்களில் லுஹருக்குப் பின் எறிவதே பெரும்பாலான இமாம்களின் தீர்ப்பு. ஆனால் அந்த நேரம் மஃரிபோடு முடிந்துவிடுவதில்லை. ஹனஃபி மத்ஹபில் மறுநாள் வைகறைவரை எறியலாம். காரணமின்றி இரவுக்குத் தள்ளுவதுதான் மக்ரூஹ். நெரிசலும் உயிரச்சமும் காரணமாகாதா? ஷாஃபிஈ மத்ஹபிலோ தஷ்ரீக் நாட்கள் முடியும்வரை நிறைவேற்ற இடமுண்டு. நடக்க இயலாதவர் தமக்காக எறியப் பிறரை நியமிக்கலாம். நேரத்தைச் சொல்வது ஷரீஅத்தே. அது விசாலமான நேரத்தைத் தந்திருக்கிறது. அந்த விசாலத்தைப் பங்கிட்டுத் தருவது மட்டுமே ஆபீஸின் வேலை. பெரியவருக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

இன்னொன்றையும் இப்போது வகுப்பில் சொல்லிவருகிறேன். ஜமராத்துக்குப் பை, பெட்டி, படுக்கை எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். 2006இல் வாசலருகே கீழே கிடந்த மூட்டைகளில் தடுக்கி விழுந்தவர்களிடமிருந்தே விபரீதம் தொடங்கிற்று. 12ஆம் நாளன்று மினாவைவிட்டுக் கிளம்பும் அவசரத்தில் சாமான்களோடு வந்தவர்கள் அவர்கள்.

ஊருக்குத் திரும்புவோம். அந்த ஆண்டு ரமளானில் எங்கள் பள்ளிவாசலில் அஸருக்குப் பின் நோன்புக் கஞ்சி ஊற்றுகையில், தூக்குச்சட்டிகளோடு முண்டிய பிள்ளைகளில் ஒருவன் கையில் கஞ்சி கொட்டிக் கொப்பளித்துவிட்டது. முத்தவல்லி ஐயாவிடம் மினாவின் கணக்கைச் சொல்லி, தெருக்களை மூன்றாகப் பிரித்து நேரம் வைத்தோம். மூன்றே நாளில் குலைந்துபோயிற்று. கறித்துண்டுகள் சட்டியின் அடியில் தங்கிவிடுவதால் கடைசி நேரத்துக்காரருக்கே அதிகம் கிடைக்கிறது என்று பேச்சு பரவி, முதல் தெருப் பிள்ளைகளும் கடைசியில் வந்து நின்றார்கள்! எங்கள் வினிகர் அது. அகப்பையால் ஓயாமல் கிளறச் சொல்லி, தெருக்களின் வரிசையையும் நாளுக்கு நாள் சுழற்றியபின்தான் சீரானது.

கேள்வி கேட்ட அந்தப் பெரியவர் அவ்வாண்டே ஹஜ்ஜுக்குச் சென்றார். 11ஆம் நாள் நள்ளிரவு கடந்து மினாவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். "ஹஜ்ரத், எங்களுக்கு இஷாவுக்கு அப்புறம்தான் நேரம் போட்டாங்க. போனோம், எறிஞ்சோம், துஆக் கேட்டோம், திரும்பிட்டோம். உங்க மாமி கையை நான் பிடிக்கவே தேவைப்படலை" என்றார். பின்பு சற்று நிறுத்தி, "ஆனா பக்கத்துக் கூடாரத்து வாலிபப் பிள்ளைங்க நாலு பேரு, சீட்டைப் பார்க்காம லுஹருக்கே கிளம்பிப் போனாங்க. நான் சொல்லிப் பார்த்தேன், கேக்கலை" என்றார்.